ஆங்கிலோ-சாக்சன் மண்மதிலை முதல்முறை ஆராய்பவருக்கு: தாள்கள், அனுமதிகள், செலவு, காலம்

ஆல்ஃபிரட் அரசரும் (871–899) அவர் மகன் மூத்த எட்வர்டும் (899–924) வைக்கிங் படைகளைத் தடுக்கத் தென் இங்கிலாந்தில் அரண் கட்டிய ஊர்களுக்குப் புர்ஹ் என்று பெயர். சில ஊர்களில் அந்த மண்மதிலும் அகழியும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. வரலாறு இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

முதுகலை ஆய்வேட்டுக்கோ, உள்ளூர்த் தொல்லியல் சங்கத்துக்காகவோ, சொந்த ஆர்வத்திலோ ஒரு புர்ஹின் மதிலை அளந்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, உருப்படியான ஓர் அறிக்கை எழுத விரும்புகிறவருக்கான வழிகாட்டி இது. தோண்டாமல் செய்யும் வேலையைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. புதியவர்கள் இரண்டு இடங்களில்தான் விழுகிறார்கள். ஒன்று, அனுமதிகளை வரிசை மாற்றிக் கேட்டு ஒரு பருவத்தையே கோட்டைவிடுவது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் மேட்டையெல்லாம் ஆல்ஃபிரட் கட்டினார் என்று நம்பிவிடுவது.

1. ஊரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வேலைக்கு வாலிங்ஃபோர்டை மிஞ்சிய ஊர் இல்லை. கைன்கிராஃப்ட், புல்கிராஃப்ட் என்று இரண்டு பொதுப் புல்வெளிகள் ஊரின் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. மதிலும் அகழியும் அவற்றின் ஓரமாகவே ஓடுகின்றன. வீடு, கடை, தோட்டம் எதுவும் குறுக்கே வராமல் முழுக் குறுக்குவெட்டையும் அளக்கலாம். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. சோல்சியில் இறங்கிச் சுமார் 5 கி.மீ. போக வேண்டும்.

அடுத்தது வேர்ஹாம். வடக்கு, மேற்கு, கிழக்கு மூன்று பக்கமும் மதில் நிற்கிறது. தெற்கே ஃப்ரோம் ஆறு. மதில்மேல் நடைபாதை உண்டு, ரயிலும் நேராகப் போகும். ஆனால் அந்த மதிலில் பிற்காலக் கைவேலை அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிரிக்லேடில் மதில் தேய்ந்து பரந்துவிட்டது. தெரியாதவர் அதன்மேல் நின்றுகொண்டே மதில் எங்கே என்று கேட்பார். ஆனால் பழைய அகழாய்வுப் பதிவு நிறைய உள்ள ஊர். அறிக்கைகளை வைத்து வேலை செய்யப் பிடிக்கும் என்றால் இது உங்களுக்கானது. டெவனில் உள்ள லிட்ஃபோர்டு சின்ன ஊர், ஒரு மேட்டுமுனையைக் குறுக்கே அடைத்த அரண். இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம்.

வின்செஸ்டர், எக்ஸிட்டர் இரண்டும் ரோமானியர் கட்டிய கல்மதிலை மறுபடி பயன்படுத்திய நகரங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அரண் கட்டடங்களுக்கு அடியில் கிடக்கிறது. மூன்றுமே முதல் வேலைக்கு வேண்டாம்.

2. ஹைடு கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஆனால் அதையே நம்பிக்கொண்டிருக்காதீர்கள்

பர்கல் ஹைடேஜ் என்ற 10ஆம் நூற்றாண்டுத் தொடக்ககாலப் பட்டியல் முப்பதுக்கும் மேற்பட்ட புர்ஹ்களுக்கு எத்தனை ஹைடு (அக்கால நில அளவை) நிலம் ஒதுக்கப்பட்டது என்று சொல்கிறது. ஒரு ஹைடுக்கு ஓர் ஆள், ஒரு போல் நீள மதிலுக்கு நான்கு ஆள். போல் என்பது ஐந்தரை கெஜம், அதாவது 5.03 மீட்டர். ஆக ஓர் ஆளுக்கு 1.257 மீட்டர் மதில். ஹைடு எண்ணிக்கையை 1.257ஆல் பெருக்கினால் மதில் நீளம் மீட்டரில் வந்துவிடும்.

வின்செஸ்டருக்கு 2400 ஹைடு, 3017 மீட்டர் வருகிறது. ரோமானிய மதிலின் சுற்றளவு இதற்கு இருபது மீட்டருக்குள் ஒத்துப்போகிறது. வேர்ஹாமுக்கு 1600 ஹைடு, 2011 மீட்டர். ஆற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு மூன்று பக்கத்தை அளந்தால் ஏறக்குறைய அதே நீளம். இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது. அங்கேதான் நிதானம் வேண்டும். எக்ஸிட்டருக்கு 734 ஹைடுதான், கணக்குப்படி 923 மீட்டர். அந்த நகரின் மதில் சுமார் 2350 மீட்டர். கணக்கு உதைக்கிறது. லிங் என்ற ஊருக்கு 100 ஹைடு, 126 மீட்டர். அது ஊரைச் சுற்றிய மதிலாக இருக்க முடியாது, குறுக்கே போட்ட தடுப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். மதிலில் எந்தக் கோட்டின் வழியே அளந்தீர்கள், உச்சியையா, வெளிமுகத்தையா? ஒரே மதிலில் இந்த இரண்டுக்கும் பத்துப் பதினைந்து மீட்டர் வித்தியாசம் எளிதாக வரும். ஆற்றுப் பக்கத்தைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா? சேர்க்கவோ விடவோ என்ன காரணம்? கணக்கு சரியாக வரவேண்டும் என்பது காரணம் ஆகாது. கடைசியாக, பட்டியலின் எந்தப் பிரதியை எடுத்தீர்கள்? கிரிக்லேடுக்கு ஒரு பிரதியில் 1500, இன்னொன்றில் 1400. நீளம் 1886 மீட்டரிலிருந்து 1760க்கு இறங்கிவிடும். ஆளுக்கு இவ்வளவு மதில் என்ற வாய்பாடே எல்லாப் பிரதியிலும் இல்லை. மூலச்சுவடி 1731 தீயில் அழிந்தது. அதற்கு முன் 1562இல் லாரன்ஸ் நவல் எடுத்த நகலில்தான் வாய்பாடு தப்பியிருக்கிறது.

3. நாற்காலியை விட்டு எழாமல் எடுக்க வேண்டிய தாள்கள்

இந்தக் கட்டத்துக்குச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். சென்னையிலோ கொழும்பிலோ இருந்தபடியே முடித்துவிடலாம். ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

முதலில் இங்கிலாந்தின் தேசிய மரபுப் பட்டியல். மரபுச் சின்னங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தளத்தில் இலவசம். உங்கள் மதிலின் எந்தத் துண்டு சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, எல்லைக்கோடு எங்கே போகிறது என்று வரைபடமே கிடைக்கும். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மதில் பல துண்டாகப் பதிவாகியிருக்கும். பாதி பாதுகாப்புக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் கிடப்பது சகஜம். பின்னால் வரும் எல்லா அனுமதியும் இந்த எல்லைக்கோட்டைப் பொறுத்தது.

அடுத்து அந்தக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) வரலாற்றுச் சூழல் பதிவேடு, அதாவது அங்குள்ள தொல்லியல் இடங்களின் பதிவு. ஹெரிட்டேஜ் கேட்வே தளத்தில் பல கவுண்டிகளின் பதிவேட்டைத் தேடலாம். ஆனால் அங்கே தெரிவது சுருக்கம் மட்டும்தான். பதிவேட்டு அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதி, ஊர் எல்லைக்குள் நடந்த எல்லா அகழாய்வு, கண்காணிப்புப் பணிகளின் பட்டியலையும், வரைபடக் கோப்பாகவும் வெளியிடப்படாத அறிக்கைகளாகவும் கேளுங்கள். படிப்பு, ஆய்வு என்றால் பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை, நிறுவனங்களிடம்தான் வாங்குவார்கள். ஆகவே என்ன நோக்கம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வின்செஸ்டர் நகர மன்றம் தனியே பதிவேடு வைத்திருக்கிறது. ஹாம்ப்ஷயரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

யார்க்கில் உள்ள தொல்லியல் தரவுச் சேவையில் வெளியிடப்படாத புலப்பணி அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய் போட வெட்டிய பள்ளத்தைப் பற்றிய எட்டுப் பக்க அறிக்கை சில சமயம் புத்தகத்தில் இல்லாத அகழி ஓரத்தைக் காட்டிவிடும். பழைய ஆய்விதழ்த் தொகுதிகளும் அங்கே உண்டு. வேர்ஹாம் மேற்கு மதிலில் 1952–54இல் நடந்த அகழாய்வின் அறிக்கை 1959ஆம் ஆண்டு மெடீவல் ஆர்க்கியாலஜி இதழில் வந்தது.

இங்கே ஒரு பொறி. 1974இல் கவுண்டி எல்லைகள் மாறின. வாலிங்ஃபோர்டு அதுவரை பெர்க்ஷயரில் இருந்தது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டுஷயர். கிரைஸ்ட்சர்ச் ஹாம்ப்ஷயரிலிருந்து டோர்செட்டுக்குப் போனது. பழைய கட்டுரை, பழைய பத்திரம், கவுண்டி வரலாற்றுத் தொகுதி எல்லாம் பழைய கவுண்டியின் பெயரில்தான் அடுக்கியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதியவர்கள் உண்டு.

பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்துக்குப் போங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இங்கிலாந்து முழுவதும் அங்கே இருக்கிறது. மைலுக்கு 25 அங்குல அளவுள்ளதை எடுங்கள். மதிலுக்கு உள்பக்கமாக ஒட்டி ஓடும் சந்து, ஒரே வளைவில் வரிசையாக முடியும் தோட்ட எல்லைகள், காரணமில்லாமல் ஓர் இடத்தில் ஒடுங்கும் தெரு ஆகிய மூன்றையும் தேடுங்கள். முதலாவது மதிலின் உள்விளிம்பு, இரண்டாவது அகழி, மூன்றாவது வாயில் இருந்த இடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. லைடார் கோப்பை இறக்கிப் பாருங்கள்

லைடார் என்பது விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நில உயரத்தை அளப்பது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமையின் லைடார் தரவு 1 மீட்டர் நுணுக்கத்தில், திறந்த உரிமத்தில், இலவசம். நிலமட்ட மாதிரி (கட்டடம், மரம் நீக்கியது), மேற்பரப்பு மாதிரி (அவற்றோடு சேர்ந்தது) இரண்டையும் இறக்குங்கள். அவற்றைத் திறக்கும் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் இலவசம். ஆயத்தொலை முறையை பிரிட்டிஷ் தேசியக் கட்டத்துக்கு, அதாவது 27700க்கு, மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் எல்லாம் நூறு மீட்டர் தள்ளி உட்காரும்.

நிழல் வரைபடத்தில் வெளிச்சம் வழக்கமாக வடமேற்கிலிருந்து விழும். வடமேற்கு-தென்கிழக்காக ஓடும் மதில் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பல திசைகளிலிருந்து நிழல் போட்டுப் பாருங்கள். ஊருக்குள் நிலமட்ட மாதிரியை அப்படியே நம்பாதீர்கள். கட்டடங்களை நீக்கிவிட்டு, அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள உயரத்தை வைத்து மென்பொருள் நிரப்பியிருக்கும். அந்தச் செயற்கை மேடு சில சமயம் அச்சு அசலாக மதில் மாதிரியே நிற்கும். சந்தேகம் வந்தால் மேற்பரப்பு மாதிரியை மேலே வைத்துப் பாருங்கள். வீடு இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

12 மீட்டர் அகல மதிலுக்கு லைடாரில் பன்னிரண்டு புள்ளிதான். மதில் எங்கே போகிறது என்று பார்க்க அது போதும், அதன் உருவத்தைச் சொல்லப் போதாது. அதற்கு நிலத்தில்தான் அளக்க வேண்டும்.

5. அனுமதிகள்: இந்த வரிசை மாறக்கூடாது

முதலில் நில உரிமையாளர். நிலப் பதிவகத்தின் அரசுத் தளத்தில் உரிமைப் பதிவேட்டு நகல் ஒன்று 7 பவுண்டு. தேடுபொறியில் மேலே வரும் போலித் தோற்றத் தளங்கள் அதே தாளுக்கு மூன்று நான்கு மடங்கு வாங்கும். முகவரி அரசு முகவரிதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பொதுப் புல்வெளி, தேவாலய நிலம் போன்றவை சில சமயம் பதிவாகவே இருக்காது. அப்போது நகர மன்ற எழுத்தரைக் கேளுங்கள், யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பொதுப் பாதையில் நடக்க யார் அனுமதியும் வேண்டாம். கருவி நிறுத்தவும் நாடா விரிக்கவும் வேண்டும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். குத்தகைக்காரர் தனியே இருந்தால் அவரிடமும் வாங்குங்கள்.

நகர மன்றம் பெரும்பாலும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்கும். 50 லட்சம் பவுண்டு வரம்பு சாதாரணமாகக் கேட்கப்படுவது. தனியாளாக எடுத்தால் செலவு. பல்கலைக்கழகத்தின் காப்பீட்டிலோ உள்ளூர்ச் சங்கத்தின் காப்பீட்டிலோ சேர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து 42ஆம் பிரிவு உரிமம். 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் இந்தப் பிரிவு பாதுகாக்கப்பட்ட இடத்தில் உலோகத் தேடுகருவியைத் தடுக்கிறது. புதையல் தேடுகிறவர்களுக்கான விதி என்று புதியவர்கள் கடந்துபோகிறார்கள். மண்ணுக்குள் உலோகத்தையோ கனிமத்தையோ கண்டறியும் எந்தக் கருவியும் என்பதுதான் சட்டத்தின் வரையறை. காந்தமானி, மின்தடைமானி, தரையூடுருவும் ராடார் எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன. விண்ணப்பம் ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு. கட்டணம் இல்லை. என்ன கருவி, எத்தனை மீட்டர் இடைவெளி, எந்தத் துண்டு நிலம், யார் செய்வது, தரவு எங்கே போகும் என்ற திட்டத்தையும், உரிமையாளரின் கடிதத்தையும் இணைக்க வேண்டும். கடிதம் இல்லாமல் அனுப்பினால் கோப்பு நகராது. அதனால்தான் உரிமையாளர் முதலில். வேலை நாளுக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். உரிமத்தில் அறிக்கை கொடுக்க வேண்டிய கெடு எழுதியிருக்கும், அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது தொல்சின்ன ஒப்புதல். பாதுகாக்கப்பட்ட நிலத்தை எந்த வகையில் குலைத்தாலும் இது வேண்டும். கைத் துரப்பணத்தால் மூன்று விரல் அகலத்தில் ஓர் ஓட்டை போட்டாலும் ஒப்புதல் இல்லாவிட்டால் குற்றம்தான். இதற்கும் கட்டணம் இல்லை, ஆனால் மூன்று மாதமாவது கணக்கில் வையுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தப் பகுதியின் தொல்சின்ன ஆய்வாளரிடம் பேசிவிடுங்கள். அவர் கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் விண்ணப்பம் திரும்பி வராது.

இவை தவிர இடத்தைப் பொறுத்துச் சில உண்டு. மதில் தேவாலய முற்றத்துக்குள் போனால் மறைமாவட்டத்தின் தனி அனுமதி வேண்டும். கிரிக்லேடை ஒட்டிய நார்த் மெடோ போன்ற இயற்கைக் காப்பிடங்களில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தைக் கேட்க வேண்டும். ஏப்ரலில் அங்கே ஃப்ரிட்டிலரி பூக்கும், அந்த மாதத்தில் கருவியோடு போய் நிற்காதீர்கள். மண்மதில் என்றால் வளைக்கரடிக்கு (பேட்ஜர்) கொள்ளை ஆசை. அதன் வளையும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. வளை இருக்கும் துண்டை விட்டுவிட்டு அளங்கள். வளைக்கரடி வெளியே தள்ளிய மண்ணில் பானை ஓடு கிடந்தால் படம் எடுத்து, இடம் குறித்து, பதிவேட்டு அலுவலருக்குச் சொல்லுங்கள். பையில் போடாதீர்கள்.

6. குறுக்குவெட்டை அளப்பது

டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரைதான் காலம். இலை உதிர்ந்திருக்கும், புல் தாழ்ந்திருக்கும், சாய்ந்த வெயிலில் ஓரடி மேடுகூட நிழல் விடும். ஜூனில் போனால் முட்புதரைத்தான் அளப்பீர்கள். குளிர்காலத்தில் ஆற்றோரப் புல்வெளியில் வெள்ளம் ஏறும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு மாற்று நாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: மட்டம் பார்க்கும் கருவியும் அளவுகோலும், இரண்டு 30 மீட்டர் நாடா, நான்கு குறிக்கம்பு, இரண்டு ஆள். நாடாவும் கம்பும் 80 பவுண்டுக்குள் வாங்கிவிடலாம். மட்டக்கருவியை வாடகைக்கு எடுங்கள். பயணமும் தங்குமிடமும் நீங்கலாகத் தோண்டாத வேலை முழுவதும் 300 பவுண்டுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் எங்கோ தேவையில்லாததை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள்.

ஊருக்கு மூன்று முதல் ஐந்து குறுக்குவெட்டு போதும். ஒவ்வொன்றும் மதிலின் உள்சரிவு முடிந்து 15–20 மீட்டர் உள்ளே தொடங்கி, அகழியின் வெளிக்கரையையும் தாண்டிப் போக வேண்டும். சுமார் 60 மீட்டர் வரும். பலர் உச்சியிலிருந்து அகழி அடிவரை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் தரைமட்டம் தெரியாவிட்டால் மதிலின் உயரத்துக்குப் பொருளே இல்லை. ஊருக்குள் ஆயிரம் ஆண்டுக் குப்பையும் தோட்டமண்ணும் ஒரு மீட்டருக்கு மேல்கூட ஏறியிருக்கும்.

மீட்டருக்கு ஒரு புள்ளி, கூடவே சரிவு மாறும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி. சரிவு மாறும் புள்ளிகள்தான் முக்கியம். மதிலின் வெளிமுகத்தில் நடுவே ஒரு சிறு படி தெரிந்தால் அது கல்சுவர் இருந்து பின்னால் பிடுங்கப்பட்ட இடமாக இருக்கலாம். மதில் அடிக்கும் அகழி உதட்டுக்கும் இடையே தட்டையான விளிம்பு இருந்தால் தனியே குறியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே புல், வேர், பாதை, மண்கொட்டல் என்று ஒரு சொல் எழுதுங்கள். முடிந்ததும் தொடங்கிய புள்ளிக்கே மட்டத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிசகினால் அன்றே திரும்ப அளங்கள். தேவாலயச் சுவரில் செதுக்கிய பழைய மட்டக்குறியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவற்றை இப்போது யாரும் பராமரிப்பதில்லை. ஒரு குறுக்குவெட்டுக்கு அரை நாள்.

வரையும்போது செங்குத்து அளவை இரண்டு மடங்கு நீட்டினால் படம் தெளிவாக இருக்கும். நீட்டியதைப் படத்திலேயே எழுதுங்கள். எழுதாத படங்களால் சாதுவான மதில்கள் மலைபோல ஆகியிருக்கின்றன.

7. மின்தடையும் காந்தமும்

கருவியைப் பல்கலைக்கழகத் துறையிடமோ உள்ளூர்ச் சங்கத்திடமோ கேளுங்கள். வாடகை வாரத்துக்குப் பல நூறு பவுண்டு, முதல் வேலைக்கு அது கட்டாது.

அரை மீட்டர் முனை இடைவெளி உள்ள இரட்டை முனை மின்தடைமானி முக்கால் மீட்டர் ஆழம்வரைதான் பார்க்கும். மதிலுக்குள் கல்சுவர் மிச்சம் இருக்கிறதா, உள்பக்கச் சாலை எங்கே என்று அறிய அது போதும். தொலை முனைகளை, அதாவது கருவியோடு நகராமல் ஓரிடத்தில் நிற்கும் முனைகளை, 15 மீட்டராவது தள்ளி ஊன்றுங்கள். 20 மீட்டர் கட்டம் ஒன்றுக்கு, மீட்டருக்கு ஓர் அளவு என்றால், 400 அளவு. பழகிய இருவர் நாளுக்கு எட்டுக் கட்டம் போவார்கள். அகழியின் ஆழம் தெரிய வேண்டுமானால், வரிசையாக ஊன்றிய பல முனைகளால் எடுக்கும் மின்தடைக் குறுக்குப்படம்தான் வழி. அந்த முனை வரிசையின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு ஆழம் கிடைக்கும். 5 மீட்டர் ஆழம் பார்க்க 30 மீட்டருக்கு மேல் வரிசை போட வேண்டும்.

காந்தமானியை ஊருக்குள் கொண்டுபோனால் இரும்பு வேலி, நிறுத்திய கார், மண்ணுக்கடியில் குழாய் எல்லாம் அகழியைவிடச் சத்தமாகக் கத்தும். திறந்த வயலில் மட்டும் பயன்படுத்துங்கள்.

மின்தடை அளவைக் குளிர்கால அளவோடு சேர்த்து முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நீர் ஊறிய களிமண்ணில் மதிலுக்கும் அகழி நிரப்புக்கும் வேறுபாடே தெரியாது. மே, ஜூன் நல்லது.

8. மேடு யாருடையது?

இதுதான் வேலையின் உயிர். இங்கே அவசரப்பட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

வேர்ஹாமின் மேற்கு மதிலைப் பாருங்கள். செங்குத்தாக, கம்பீரமாக, படம் எடுக்க ஆசையாக நிற்கும். 1940இல் ஜெர்மன் டாங்கிகளைத் தடுக்க அதன் முகத்தைச் செதுக்கிச் செங்குத்தாக்கினார்கள். அந்தச் சரிவை அளந்து ஆங்கிலோ-சாக்சன் மதில் இத்தனை பாகை என்று எழுதினால் இரண்டாம் உலகப் போரைத்தான் அளந்திருக்கிறீர்கள். அதற்கு முன்னும் 12ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரியணைக்காக ஸ்டீபன், மட்டில்டா இருவருக்கும் நடந்த போரில் ஊர் கைமாறியது, 1640களின் உள்நாட்டுப் போரில் காவற்படை இருந்தது. வாலிங்ஃபோர்டிலும் அதே கதை. வடகிழக்கு மூலையை நார்மன் கோட்டை விழுங்கியிருக்கிறது. மற்ற இடங்களிலும் கண்ணுக்குத் தெரியும் அகழி முதல் அகழி என்று சொல்ல முடியாது. அகழியைத் தூர்வாரி மறுபடி வெட்டும்போது பழைய அகழியின் வண்டல் எல்லாம் போய்விடும்.

பழைய அகழாய்வு அறிக்கைகளில் நீங்கள் தேட வேண்டியது அடுக்குகளை. கீழே இயற்கை மண்ணுக்குமேல் மெல்லிய சாம்பல்-பழுப்பு அடுக்கு ஒன்று இருக்கும். அது மதில் கட்டுவதற்கு முன் இருந்த புல்தரை. அதன்மேல் களிமண், சரளை, வெட்டிய புல்கட்டி ஆகியவை மாறி மாறி வரும். புல்கட்டிகள் வெட்டுமுகத்தில் நீள்சதுரமான கறைகளாக, ஒவ்வொன்றின் அடியிலோ மேலோ கரிய கோட்டோடு தெரியும். வெளிமுகத்தில் வரிசையான தூண்குழி இருந்தால் மரத்தடுப்பு. முதல் கட்டம் பெரும்பாலும் இதுதான். பிறகு மதிலின் முன்முகத்தை வெட்டி அதில் கல்சுவர் சாத்துவது இரண்டாவது கட்டம். கிரிக்லேடிலும் லிட்ஃபோர்டிலும் இப்படித்தான். கிரிக்லேடில் மதிலுக்கு வெளியே தட்டை விளிம்பும், இரண்டு சிறு அகழிகளும், அவற்றுக்கும் வெளியே ஓர் அகன்ற அகழியும் கிடைத்தன. இன்று அங்கே நின்று பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது.

கால நிர்ணயத்தில் மூன்று சறுக்கல். மதில் மண்ணுக்குள் ரோமானியப் பானை ஓடு இருந்தால் மதில் ரோமானியக் காலம் என்று ஆகாது. எங்கிருந்தோ அள்ளிக் கொட்டிய மண்ணில் அது வந்தது. மிகப் பிந்திய ஓடு எதுவோ அதற்குப் பிறகு கட்டப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். ரேடியோகார்பன் அளவு ஒன்றுக்கு 300 முதல் 500 பவுண்டு, முடிவு வர இரண்டு மூன்று மாதம். 8, 9ஆம் நூற்றாண்டில் ரேடியோகார்பன் அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்தக் கோடு தட்டையாக ஓடுவதால் ஒற்றை அளவின் வீச்சு நூறு ஆண்டுக்கும் மேலாக விரியும். ஆல்ஃபிரட்டா, அவருக்கு முந்திய மெர்சிய அரசர் ஆஃபாவா என்று பிரிக்க ஒரு மாதிரி போதாது. கரி என்றால் வயதான மரத்தின் உள்வளையமாக இருக்கலாம். மதிலுக்குக் கீழே அமுங்கிய புல்தரையில் கிடைத்த விதையோ சுள்ளியோதான் நம்பத்தக்கது. மூன்றாவது, ஊரின் பெயர் பட்டியலில் இருப்பதால் மதிலும் பட்டியல் காலத்தது என்று முடிவுகட்டுவது. 876இல் வைக்கிங் படை வேர்ஹாமுக்குள் புகுந்தது. அப்போது அங்கே அரண் இருந்ததா என்பதைப் பட்டியல் சொல்லாது, மண்தான் சொல்ல வேண்டும்.

அறிக்கையில் ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் கீழே ஒரு சிறு அட்டவணை போடுங்கள். இந்தச் சரிவு எந்தக் காலத்தது, அதற்குச் சான்று அகழாய்வா, வரைபடமா, ஊகமா? ஊகம் என்று எழுத வெட்கப்படாதீர்கள். படிக்கிறவர் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.

9. தோண்டியே ஆக வேண்டும் என்றால்

முதல் ஆண்டில் வேண்டாம். பிறகு இறங்கினாலும் செலவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மதில், விளிம்பு, அகழி மூன்றையும் வெட்டும் குழி 30 மீட்டருக்குக் குறையாது. 1.2 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் பக்கச்சுவரைப் படிப்படியாக வெட்டவோ முட்டுக் கொடுக்கவோ வேண்டும், அதனால் குழியின் அகலமும் செலவும் இரட்டிப்பாகும். தோண்டுவதற்கு ஆகும் பணத்துக்குச் சமமாக, சில சமயம் அதற்கு மேலாக, பிறகு பானை ஓடு, எலும்பு, மண் மாதிரி ஆய்வுக்கும் அறிக்கைக்கும் எடுத்து வையுங்கள். அருங்காட்சியகத்திடம் தோண்டுவதற்கு முன்பே பேசிச் சேர்ப்பு எண் வாங்குங்கள். பல அருங்காட்சியகங்களில் இடம் இல்லை, பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. புதையல் சட்டத்தில் வரும் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

கேன்டர்பரி, செஸ்டர், எக்ஸிட்டர், ஹெரிஃபோர்டு, யார்க் ஆகிய ஐந்து நகர மையங்களில் 1979 சட்டப்படி தொல்லியல் முக்கியத்துவப் பகுதி என்று தனி ஏற்பாடு உண்டு. அங்கே வேலை என்றால் நகரத் தொல்லியல் அலுவலரிடமிருந்து தொடங்குங்கள்.

10. அறிக்கையை எங்கே சேர்ப்பது

அக்டோபரில் தாள்கள், நவம்பரில் உரிமையாளர் கடிதமும் காப்பீடும், ஜனவரி–பிப்ரவரியில் குறுக்குவெட்டு. மார்ச்சில் 42ஆம் பிரிவு விண்ணப்பம், மே–ஜூனில் மின்தடை, செப்டம்பருக்குள் அறிக்கை. இந்த ஓட்டம் ஓராண்டில் முடியும்.

முதல் வேலையாக, தொல்லியல் பணிகளைப் பதியும் ஓயசிஸ் தளத்தில் திட்டத்தைப் பதிந்து எண் வாங்குங்கள். அறிக்கையை அங்கே ஏற்றினால் கவுண்டிப் பதிவேட்டுக்கும் தரவுச் சேவைக்கும் அதுவே வழி. கூடவே பதப்படுத்தாத மின்தடைத் தரவு, மட்டக் குறிப்பேட்டின் படங்கள், குறுக்குவெட்டுகளின் இரு முனை ஆயத்தொலைகள் மூன்றையும் இணையுங்கள். முனைகளின் ஆயத்தொலை இல்லாத குறுக்குவெட்டைப் பத்தாண்டு கழித்து யாரும் திரும்ப அளக்க முடியாது. 42ஆம் பிரிவு உரிமத்தின் எண் முதல் பக்கத்தில் இருக்கட்டும். நில உரிமையாளருக்கு அச்சுப் பிரதி ஒன்றை அஞ்சலில் அனுப்புங்கள். இரண்டாவது முறை அனுமதி கேட்டுப் போகும்போது அவர் முதலில் கேட்பது அதைத்தான்.